பாட்டெழுதும் மகளும் 2,400 டாலர் கடிதமும்

கேள்வி: நாங்கள் டென்னசியில் நாக்ஸ்வில் பக்கம் இருக்கிறோம். சொந்த ஊர் கோவில்பட்டி. மகளுக்கு 21 வயது, கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷம். எட்டு வருஷம் கர்நாடக வயலின் கற்றுக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் யாரோ ஒரு மாண்டலினைக் கையில் கொடுத்தார்கள், அன்றிலிருந்து ப்ளூகிராஸ், கன்ட்ரி என்று இந்த ஊர்ப் பாட்டாகவே இருக்கிறாள். 38 பாட்டு எழுதி வைத்திருக்கிறாள். அதில் ஒன்று ஊரில் பூட்டிக் கிடக்கும் என் அம்மா வீட்டைப் பற்றி. படிப்பு முடிந்ததும் கன்ட்ரி பாட்டுத் தொழில் நடக்கிற நாஷ்வில் போய்ப் பாட்டெழுதியே பிழைப்பேன் என்கிறாள். போன மாதம் ஒரு கம்பெனியிலிருந்து, 2,400 டாலர் கட்டினால் ஸ்டூடியோவில் பதிவு செய்து பெரிய பாடகர்களிடம் கொண்டுபோகிறோம் என்று கடிதம். அவள் அப்பா அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசவில்லை. இது சாப்பாடு போடுமா? நம் முகத்தைப் பார்த்து அவர்கள் பாட்டை எடுப்பார்களா? பணத்தைக் கட்டலாமா?
- ஒரு தாய்

அக்கா, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கட்டாதீர்கள். பாதி இப்போது பாதி அப்புறம் என்று பேரமும் பேசாதீர்கள், அந்தக் கடிதத்துக்குப் பதிலே போட வேண்டாம். நான் நாஷ்வில்லில் பாட்டுக் கம்பெனிகளுக்கு ராயல்டி கணக்குப் பார்க்கிறவன். எனக்குப் பாட வராது, ஆனால் எந்தப் பாட்டுக்கு எங்கிருந்து எத்தனை சென்ட் வருகிறது என்று பதினான்கு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பாட்டு ஓடும் என்று நம்புகிற பப்ளிஷர், அதாவது பாட்டின் உரிமையை வாங்கிப் பாடகர்களிடம் கொண்டுபோகிறவர், எழுதுகிறவருக்குப் பணம் கொடுப்பார். எழுதுகிறவரிடம் பணம் கேட்கிற கம்பெனி தன் லாபத்தை அங்கேயே பார்த்துவிடுகிறது, அப்புறம் அந்தப் பாட்டை எடுத்துக்கொண்டு யார் கதவையும் தட்ட வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. இங்கே இவர்களைப் 'பாட்டுச் சுறா' என்றே சொல்வார்கள். நூறு வருஷத்துக்கு மேலாக நடக்கிற வியாபாரம்தான், அந்தக் காலத்தில் பத்திரிகையில் 'உங்கள் கவிதைக்கு மெட்டுப் போட்டுத் தருகிறோம்' என்று விளம்பரம் கொடுத்தார்கள், இப்போது இமெயில் அனுப்புகிறார்கள்.

கடிதத்தின் கூட ஒப்பந்தம் ஏதாவது வந்திருந்தால் அதில் 'வொர்க் மேட் ஃபார் ஹயர்' என்ற வார்த்தை இருக்கிறதா என்று மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். கூலிக்குச் செய்த வேலை என்று அர்த்தம். அது சட்டப்படி செல்லுபடியானால் பாட்டை எழுதியவர் அவள் கிடையாது, கம்பெனி. சாதாரணமாகப் பாட்டின் உரிமையை எழுதிக் கொடுத்தால்கூட 35 வருஷம் கழித்துத் திரும்பக் கேட்க அமெரிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது, கூலிப் பாட்டுக்கு அந்த வழியும் கிடையாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பையன் இப்படிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, 'என் பாட்டு ரேடியோவில் வருகிறது, எனக்கு ஏன் செக் வரவில்லை' என்று கேட்டு ஆபீசுக்கு வந்தான். காகிதத்தைக் காட்டி விளக்கியது நான்தான். இன்னும் மறக்கவில்லை.

சரி, சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். இங்கே நாம் எல்லோரும் ஒரு குழப்பத்தில் இருக்கிறோம், உங்கள் மகளும் அப்படித்தான் இருப்பாள் என்று நினைக்கிறேன். ப்ளூகிராஸ், கன்ட்ரி என்று ஒரே மூச்சில் சொல்கிறோம், கேட்கிற காதுக்கு அக்கா தங்கை மாதிரிதான் இருக்கும், ஆனால் பிழைப்பு என்று வந்தால் இரண்டும் இரண்டு வேறு தொழில். அவள் எந்தத் தொழிலுக்குப் போகிறாள் என்று அவளுக்கே தெரிந்திருக்க வேண்டும்.

கன்ட்ரியில் பாட்டெழுதுகிறவர் பெரும்பாலும் மேடையேற மாட்டார். நாஷ்வில்லில் மியூசிக் ரோ என்ற வட்டாரத்தில், 16ஆவது 17ஆவது அவென்யூக்களில், பார்க்க வீடு மாதிரி இருக்கும் ஆபீஸ்களில், காலையில் இரண்டு பேரோ மூன்று பேரோ ஒரு அறையில் உட்கார்ந்து சாயங்காலத்துக்குள் ஒரு பாட்டை முடிப்பார்கள். கோ-ரைட் என்று பேர். வாரம் நாலைந்து நாள் இதே வேலை. வழக்கம் என்னவென்றால் அறையில் இருந்த எல்லோருக்கும் சம பங்கு, ஒருத்தர் முழுப் பல்லவியும் எழுதி இன்னொருத்தர் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் சரி. முதலில் கேட்டபோது எனக்கு அநியாயமாகப் பட்டது. பிறகுதான் புரிந்தது, வார்த்தையை எண்ண ஆரம்பித்தால் மறுநாள் யாரும் யாரோடும் உட்கார மாட்டார்கள். அப்படி எழுதின நூறு பாட்டில் சிலதை யாராவது பாடகர் பதிவு செய்வார், அதில் அபூர்வமாக ஒன்று ரேடியோவுக்குப் போகும். அந்த ஒன்று முதலிடம் வரை ஏறினால் எழுதியவர் வீடு வாங்கலாம். அமெரிக்காவில் ஏ.எம்., எஃப்.எம். ரேடியோ பாட்டெழுதியவருக்கும் பப்ளிஷருக்கும்தான் பணம் கொடுக்கிறது, பாடினவருக்கு ஒரு சென்ட் கிடையாது. நம் ஊர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். 2017இல் எஸ்.பி.பி.யின் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின்போது இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போய், பாட்டு யாருக்குச் சொந்தம் என்று வீட்டுக்கு வீடு சண்டை நடந்ததே, அந்தச் சண்டையில் இந்த ஊர் ரேடியோ எப்போதோ பாட்டு செய்தவர் பக்கம் சாய்ந்துவிட்டது.

ப்ளூகிராஸ் வேறு கதை. பேரே பில் மன்றோவின் குழுவான ப்ளூ கிராஸ் பாய்ஸிலிருந்து வந்தது. அவர் கென்டக்கிக்காரர், மாண்டலின் வாசித்தவர். (மாண்டலின் என்றால் நமக்கு ஸ்ரீனிவாஸ், இங்கே மன்றோ.) 1945 கடைசியில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் மூன்று விரலால் வாசிக்கிற பாஞ்சோ என்ற தந்தி வாத்தியத்தோடு அதில் சேர்ந்த பிறகுதான் இன்று நாம் ப்ளூகிராஸ் என்று கேட்கிற சத்தம் பிறந்தது என்பார்கள். இதில் பாட்டை எழுதி வீட்டில் இருந்தபடி பிழைப்பது ரொம்பக் கஷ்டம். கணக்கைப் பாருங்கள்: 2025இல் சிடியோ டவுன்லோடோ ஒன்று விற்றால் அதிலுள்ள பாட்டு ஒவ்வொன்றுக்கும் சட்டப்படி 12.7 சென்ட். ஒரு நல்ல ப்ளூகிராஸ் குழு மகளின் பாட்டை எடுத்து 3,000 சிடி விற்றது என்று வைத்துக்கொள்வோம், மொத்தம் 381 டாலர். இரண்டு பேர் எழுதியது என்றால் ஆளுக்கு 190 சொச்சம், பப்ளிஷர் பாதி எடுத்தால் 95. ஒரு மாத மளிகைக்குக்கூட ஆகாது. ஸ்ட்ரீமிங்கைப் பற்றிக் கேட்காதீர்கள், ஒருமுறை கேட்டால் ஒரு சென்ட்டில் சின்னத் துணுக்கு. ஆகவே ப்ளூகிராஸில் பாட்டெழுதுகிறவர் வாசிக்கவும் வேண்டும், வேனில் ஊர் ஊராகப் போகவும் வேண்டும், நிகழ்ச்சி முடிந்ததும் மேஜை போட்டுத் தன் சிடியையும் சட்டையையும் தானே விற்கவும் வேண்டும். பணம் அங்கேதான் இருக்கிறது.

ஆனால் ப்ளூகிராஸில் ஒரு பெரிய வசதி உண்டு, நடுவில் காவல்காரர்கள் கிடையாது. கன்ட்ரி பாடகரிடம் ஒரு பாட்டைச் சேர்க்க நாலு ஆபீஸ் தாண்ட வேண்டும், ப்ளூகிராஸ் பாடகர் நிகழ்ச்சி முடிந்ததும் அந்த மேஜைக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பார், போய்ப் பேசலாம். பாட்டுக்கு அலைகிற குழுக்களும் நிறைய.

இந்த இரண்டு தொழிலுக்கும் நடுவே பாலம் போட்டவர்களும் உண்டு. லேரி கார்டில் என்று ஒருவர், கென்டக்கிக்காரர், என் தொழில்காரர், அதாவது அக்கவுண்டிங் படித்து அந்த வேலை பார்த்தவர். ஊரில் கணக்கெழுதிக்கொண்டே எழுதிய 'ஹைவே 40 ப்ளூஸ்' என்ற பாட்டை அவருடைய சின்ன வயசு சிநேகிதர் ரிக்கி ஸ்காக்ஸ் பாடி, 1983இல் அது கன்ட்ரி பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. அதற்குப் பிறகுதான் அவர் நாஷ்வில்லுக்கே குடி வந்தார். கன்ட்ரி பாடகர் கிறிஸ் ஸ்டேபிள்டன் 1996இல் நாஷ்வில்லின் வேண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் இன்ஜினியரிங் படிக்க வந்து அதை விட்டவர் (இந்த வரியை அவள் அப்பாவிடம் படித்துக் காட்ட வேண்டாம்), 2001இல் பாட்டெழுத நாஷ்வில் திரும்பினார், நடுவில் ஸ்டீல்ட்ரைவர்ஸ் என்ற ப்ளூகிராஸ் குழுவில் பாடினார், சொந்தப் பேரில் முதல் ஆல்பம் 2015இல். பதினான்கு வருஷம் மற்றவர்களுக்கு எழுதியிருக்கிறார். நாஷ்வில்லைப் 'பத்து வருஷ ஊர்' என்று இங்கே சும்மா சொல்வதில்லை.

அந்தப் பத்து வருஷம் எதை வைத்துச் சாப்பிடுவது என்பதுதான் உங்கள் கேள்வி என்று எனக்குப் படுகிறது, அதற்குப் பதில் அவள் கையிலேயே இருக்கிறது. டிகிரியை முடிக்கட்டும். வீட்டிலிருந்தே செய்கிற மாதிரி ஒரு கம்ப்யூட்டர் வேலை தேடட்டும், பகுதி நேரமானாலும் சரி. வேலை பார்த்தால் கலை செத்துவிடும் என்று அவள் வயசில் எல்லோரும் சொல்வார்கள். நான் பார்த்த வரையில் வாடகை கட்ட முடியாதவர்கள்தான் மோசமான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். பப்ளிஷர் மாதா மாதம் கொடுக்கிற பணமும் சம்பளம் இல்லை, அட்வான்ஸ்தான், பின்னால் வரப்போகிற ராயல்டியில் முழுக்கப் பிடித்துக்கொள்வார்கள். எழுதின பாட்டுக்கு ரேடியோ பணம் வந்து சேரவே ஆறு மாதத்துக்கு மேல் ஆகும்.

இன்னொன்று, இதை அவள் அப்பாவிடம் அவசியம் சொல்லுங்கள். அமெரிக்காவில் பிள்ளைகள் 26 வயது வரை பெற்றோரின் ஹெல்த் இன்சூரன்சில் இருக்கலாம். இங்கே பாட்டுக்காரர்களை ஊருக்குத் திருப்பி அனுப்புவதில் ஆஸ்பத்திரி பில்லுக்குப் பெரிய பங்கு. அதனால் அவர் பேசாமல் இருக்கிற இந்த நாட்களிலும் அவளுக்கு ஐந்து வருஷத்துக்கான பெரிய உதவியைச் செய்துகொண்டுதான் இருக்கிறார், அவருக்கே அது தெரியாமல் இருக்கலாம்.

இப்போது முகம். பொய் சொல்லி உங்களைத் தேற்ற மாட்டேன். 1966இல் சார்லி ப்ரைட் என்ற கறுப்பினப் பாடகரின் முதல் பாட்டுகளை ரேடியோ நிலையங்களுக்கு அனுப்பியபோது அவர் போட்டோவை வைக்காமல் அனுப்பினார்கள். அவர் இருபத்தைந்துக்கும் மேல் முதலிடப் பாட்டுகள் கொடுத்தார், 1971இல் கன்ட்ரி சங்கத்தின் வருடத்தின் சிறந்த கலைஞர் விருதும் வாங்கினார், ஆனால் போட்டோ இல்லாமல்தான் ஆரம்பிக்க வேண்டியிருந்தது. இன்றைக்கு அவ்வளவு மோசம் இல்லை. ஆனாலும் அவள் மேடையேறினால் 'நீ எந்த ஊர்' என்று கேட்பார்கள், நாக்ஸ்வில் என்பாள், 'இல்லை, உண்மையில் எந்த ஊர்' என்று மறுபடி கேட்பார்கள். பழகிக்கொள்ள வேண்டியிருக்கும், பழகுவது நியாயம் என்று நான் சொல்லவில்லை. பாட்டை எடுப்பது மட்டும் பெரும்பாலும் பாட்டைக் கேட்டுத்தான். டிக்ஸி ஹால் இங்கிலாந்தில் பிறந்து வந்தவர், கணவர் டாம் டி. ஹாலோடு சேர்ந்து வயதான காலத்தில் ப்ளூகிராஸுக்கென்றே நூற்றுக்கணக்கில் எழுதி, குழுக்கள் வரிசையில் நின்று எடுத்துப் பாடின, 2018இல் இருவரையும் ப்ளூகிராஸ் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். பாட்டெழுதிப் பாடுகிற கில்லியன் வெல்ச் லாஸ் ஏஞ்சலஸில் வளர்ந்தவர். பாஞ்சோவின் பூர்வீகமே மேற்கு ஆப்பிரிக்கா, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு வந்த வாத்தியம் அது.

அப்புறம் அந்தப் பூட்டிய வீட்டுப் பாட்டு. உங்கள் கடிதத்தில் என்னை உட்கார வைத்த வரி அதுதான், நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். ப்ளூகிராஸில் அதிகம் பாடப்பட்ட விஷயங்களில் ஒன்று எது தெரியுமா, மலையில் விட்டுவிட்டு வந்த பழைய வீடு. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலிருந்து கென்டக்கி, டென்னசி மலைக்கிராமங்களிலிருந்து ஜனங்கள் கூட்டம் கூட்டமாக டேட்டன், சின்சினாட்டி, டெட்ராய்ட் ஃபேக்டரிகளுக்கு வேலைக்குப் போனார்கள். லீவு கிடைத்தால் ராத்திரி முழுக்க வண்டி ஓட்டி ஊருக்கு வந்துவிட்டுத் திரும்புவார்கள். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார், வீடு காலி, வாசல் கதவு சாத்தியிருக்கிறது, கிணற்றடியில் யாரும் இல்லை என்று அவர்கள் பாடியதுதான் இந்த இசையில் பாதி. கோவில்பட்டி வீட்டைப் பாட அவள் ஒன்றும் புதிதாகக் கலக்க வேண்டாம், வீணையை எடுக்க வேண்டாம். சிலர் 'இந்தியச் சாயல் சேர்த்தால் வித்தியாசமாக இருக்கும்' என்று ஆசை காட்டுவார்கள். அவளுக்கே அப்படித் தோன்றினால் செய்யட்டும், மற்றவர் சொல்லிச் செய்ய வேண்டாம். அந்த ஒரு பாட்டை மட்டும் எனக்குக் கேட்க ஆசை.

கர்நாடக சங்கீதம் வீண் போகவில்லை என்றும் உங்களுக்குச் சொல்ல வேண்டும், எட்டு வருஷ ஃபீஸ் கட்டியது நீங்கள் அல்லவா. நாஷ்வில் வாத்தியக்காரர்கள் நொட்டேஷனுக்குப் பதில் எண்களை எழுதிக்கொள்வார்கள், 1, 4, 5 என்று. 1 என்றால் ஷட்ஜத்தில் நிற்கும் கார்டு (சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டம்), 4 மத்யமம், 5 பஞ்சமம். பாடகர் சுருதியை எங்கே மாற்றினாலும் எண் மாறாது. இதைக் கிடார்காரப் பையன்கள் மாதக்கணக்கில் கற்பார்கள், சரிகம படித்தவளுக்கு ஒரு சாயங்காலம் போதும்.

இனி உடனே செய்ய வேண்டியது. 38 பாட்டையும் போனில் பதிவு செய்யட்டும், கிடாரும் குரலும் போதும், அதற்கு ஸ்டூடியோ வேண்டாம். பதிவாகும் அந்த நிமிஷமே பாட்டு சட்டப்படி அவளுடையது. அதற்கு மேல் அரசாங்கக் காப்பிரைட் ஆபீசில் பதிந்துகொள்ள, வெளியாகாத பாட்டுகளைப் பத்துப் பத்தாகச் சேர்த்து ஒரு விண்ணப்பத்துக்கு 85 டாலர், நாலு விண்ணப்பம் 340 டாலரில் முடிந்தது. சேர்ந்து எழுதின பாட்டு இருந்தால் அதை இந்தத் தொகுப்பில் சேர்க்கக் கூடாது. ரேடியோ, மேடைப் பணத்துக்கு ஆஸ்கேப், பி.எம்.ஐ. என்ற வசூல் அமைப்புகளில் ஏதாவது ஒன்றில் மட்டும் சேர வேண்டும், ஸ்ட்ரீமிங்கில் வரும் இன்னொரு பங்குக்கு எம்.எல்.சி. என்று 2021இல் ஆரம்பித்த அமைப்பு இருக்கிறது, அதில் பதிவு இலவசம். இவர்களிடம் பதியாதவர்களுக்கு வர வேண்டிய பணம் அங்கேயே தேங்கிக் கிடக்கும். யாரோடாவது சேர்ந்து எழுதினால் அன்றைக்கே 'பாட்டுப் பேர் இது, ஆளுக்குப் பாதி' என்று ஒரு மெசேஜ் தட்டிவிடட்டும். சிநேகிதர்களிடம் கேட்கக் கூச்சமாக இருக்கும், கேட்கட்டும்.

கன்ட்ரி பாடகி டாலி பார்ட்டன் உங்கள் பக்கத்துக் கவுன்ட்டிக்காரர், சின்ன வயசில் நாக்ஸ்வில் ரேடியோவில் பாடித்தான் ஆரம்பித்தார். 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' பாட்டை எல்விஸ் பாட ஆசைப்பட்டபோது பப்ளிஷிங்கில் பாதி வேண்டும் என்று எல்விஸின் மேனேஜர் கேட்டார். டாலி மறுத்துவிட்டு ராத்திரி அழுதிருக்கிறார், அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 1992இல் விட்னி ஹூஸ்டன் அதைப் பாடினபோது முழுப் பாட்டும் டாலி கையில் இருந்தது. மகளிடம் இந்தக் கதையைச் சொன்னால் 'எனக்குத் தெரியும்மா' என்பாள். இருந்தாலும் சொல்லுங்கள்.

ஊர் மாற்றத்துக்கு அவசரம் வேண்டாம். நீங்கள் இருப்பதே ப்ளூகிராஸ் பூமி. நாக்ஸ்வில்லில் டபிள்யூ.டி.வி.எக்ஸ். ரேடியோ மத்தியானத்தில் ஆட்களை உட்கார வைத்து நேரலையாக நிகழ்ச்சி நடத்துகிறது, போய்ப் பார்க்கட்டும். நூறு மைலில் ஜான்சன் சிட்டி, அங்கே கிழக்கு டென்னசி மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1982இலிருந்து ப்ளூகிராஸைப் பாடமாகவே நடத்துகிறார்கள், மேலே படிக்கிற ஆசை வந்தால் அதுவும் ஒரு வழி. சர்வதேச ப்ளூகிராஸ் சங்கத்தின் வருடாந்திரக் கூட்டம் 2025 முதல் சட்டனூகாவுக்கு வந்துவிட்டது, உங்களுக்கு இரண்டு மணி நேரம்கூட இல்லை. வடக்கு கரோலினாவில் மெர்ல்ஃபெஸ்ட் என்ற இசைவிழாவில் கிறிஸ் ஆஸ்டின் பாடலாசிரியர் போட்டி நடக்கிறது, கில்லியன் வெல்ச் ஜெயித்த போட்டி. இந்தக் கூட்டத்துக்கும் போட்டிக்கும் நுழைவுக் கட்டணம் கேட்பார்கள், அது வேறு, 2,400 டாலர் வேறு. நாஷ்வில்லுக்கு மாதம் ஒருமுறை வந்து போகட்டும். ஐ-40 நெடுஞ்சாலையில் மூன்று மணி நேரத்துக்குள், நேர மண்டலம் மாறுவதால் வரும்போது கடிகாரத்தில் ஒரு மணி நேரம் லாபம் வேறு. திங்கள் ராத்திரி ப்ளூபேர்ட் கஃபேயில் யாரும் பேர் கொடுத்துப் பாடலாம். தொண்ணூறு நாற்காலிதான் இருக்கும், பாட்டு நடக்கும்போது பேசினால் 'உஷ்' என்று அடக்கிவிடுவார்கள். ஒரு வருஷம் இப்படி வந்து போனாலே அவளுக்குத் தெரிந்துவிடும், அறைக்குள் உட்கார்ந்து எழுதுவது பிடித்திருக்கிறதா, வேனில் போவது பிடித்திருக்கிறதா என்று. குடி வருவதை அப்போது பேசிக்கொள்ளலாம்.

முதல் தடவை நீங்களும் அவள் அப்பாவும் கூட வாருங்கள், ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து. ஸ்டேஷன் இன் என்று ஒரு சின்னக் கட்டடம், அன்று ராத்திரி அங்கே ஜாம், டிக்கெட் கிடையாது, பேர் தெரியாத ஆட்களும் பேர் பெற்றவர்களும் ஒரே வட்டமாக உட்கார்ந்து வாசிப்பார்கள். மாண்டலினை எடுத்து வரச் சொல்லுங்கள். சாப்பாட்டை முன்னாடியே முடித்துவிட்டுச் சீக்கிரம் வந்துவிடுங்கள், தாமதமானால் நாற்காலி கிடைக்காது.